மலேசியாவில் ஓய்வுக்கால வீடு: ஊர் பார்க்கும் பயணத்தை எப்போது, எந்த ஊர்களில் வைத்துக்கொள்வது?

நொய்யல்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 58 வயது, மனைவிக்கு 55. கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் இத்தனை காலம் வேலை பார்த்துவிட்டு, விரைவில் ஓய்வு பெறவிருக்கிறேன். மகன் குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே நாங்கள் நீண்ட காலம் தங்க விசா விதிகள் இடம் தரமாட்டா. தந்தாலும் அந்த ஊர் வாடகை எங்கள் சேமிப்புக்குத் தாங்காது. ஆகவே மலேசியாவில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து ஆண்டில் பெரும்பகுதியை அங்கே கழிக்கலாமா என்று யோசித்துவருகிறோம்.

வரும் ஜனவரியில் மூன்று வாரம் சுற்றிப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். கோலாலம்பூர், கேமரன் மலை, ஈப்போ, பினாங்கு, லங்காவி, கோத்தா பாரு, மலாக்கா, கடைசியில் ஜொகூர் பாரு வழியாக மகன் வீடு. ஒவ்வோர் ஊரிலும் இரண்டு அல்லது மூன்று இரவுகள், எல்லாம் ஓட்டல் தங்கல். மனைவிக்குச் சர்க்கரை நோயும் மூட்டு வலியும் உண்டு. இருவரும் சைவம். இதுவரை நாங்கள் பார்த்த வெளிநாடு சிங்கப்பூர் மட்டுமே.

இந்தத் திட்டத்தில் எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது? வெளிநாட்டவருக்கு நீண்ட கால வசிப்பு அனுமதி தரும் "மலேசியா எனது இரண்டாவது இல்லம்" திட்டத்துக்கு இந்தப் பயணத்திலேயே முகவரைப் பார்த்து விண்ணப்பித்துவிடலாமா, அல்லது பொறுப்பது நல்லதா? அங்கே வசிப்பவர்களும் விவரம் தெரிந்தவர்களும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தண்ணீர்மலைவாசி எழுதுகிறார்:

வணக்கம் ஐயா. நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். முதலில் உங்கள் மாதத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இதில்தான் பெரிய குறை தெரிகிறது. ஜனவரியும் பிப்ரவரியும் பினாங்கில் மழை குறைந்த மாதங்கள். வானம் வெளுத்திருக்கும், கடல் அமைதியாக இருக்கும், தைப்பூசமும் அந்த நேரத்தில்தான் வருகிறது என்பதால் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியெங்கும் பந்தல்களும் அன்னதானமுமாக ஊரே களைகட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு இந்த ஊர் பிடிக்கவில்லை என்று யாரும் திரும்பிப் போனதில்லை. ஆனால் நீங்கள் விருந்தாளியாக வரவில்லை, குடியிருக்க இடம் தேடி வருகிறீர்கள். செப்டம்பர் பிற்பகுதியிலோ அக்டோபரிலோ வாருங்கள். மேற்குக் கரையில் மழை கனத்துப் பெய்யும் காலம் அதுதான். எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கிறது, எந்தக் குடியிருப்பில் சுவரில் ஓதம் ஏறுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மேலும், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் சுமத்ரா பக்கம் கரிநிலக் காடுகள் எரியும் ஆண்டுகளில் புகைமூட்டம் இங்கே வரும். 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் பள்ளிகளையே மூடும் அளவுக்கு அது முற்றியது. எல்லா ஆண்டும் அப்படி இராது. இருந்தாலும் மூச்சுத் தொல்லை உள்ளவர் வீட்டில் இருந்தால் இதை முதலிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஊர்களின் எண்ணிக்கை. லங்காவியையும் கேமரன் மலையையும் தயங்காமல் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கேமரன் மலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கோவைக்காரருக்கு நீலகிரி நினைவு வந்து மனம் இளகும். ஆனால் பெரிய மருத்துவமனைக்கு வளைந்து வளைந்து மலையிறங்கித்தான் வர வேண்டும். கோத்தா பாருவுக்கு ஜனவரியில் போவதானால் வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரம், பாதி நாள் அறைக்குள்ளேயே போய்விடும். அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதும், தமிழர் மிகக் குறைவு என்பதும் தனி விஷயங்கள். அழகான ஊர்தான், உங்கள் தேவைக்கு உரிய ஊர் அல்ல.

பினாங்குக்கு வருவதானால் ஓட்டலில் தங்காதீர்கள். வீட்டு அறை போன்ற சமையல் வசதியுள்ள தங்குமிடம் ஒன்றை ஒரு வாரத்துக்கு எடுங்கள். பல அடுக்குமாடிகளில் நிர்வாகக் குழு குறுகிய கால வாடகையை அனுமதிப்பதில்லை, ஆகவே அனுமதி உள்ள கட்டடம்தானா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பத்து பெரிங்கி கடற்கரையைச் சுற்றுலா விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து ஜார்ஜ்டவுனுக்கு வர மலையோரமாக ஒரே சாலை, மாலையில் அது நகராது. தஞ்சோங் பூங்கா, புலாவ் திக்குஸ், கெர்னி டிரைவ் பக்கங்களில் மருத்துவமனையும் சந்தையும் அருகருகே உண்டு, வாடகை கூடுதல். பாயான் லெப்பாஸ் பக்கம் 1970-களிலிருந்து வளர்ந்த மின்னணுத் தொழிற்சாலைப் பகுதியும் விமான நிலையமும் இருப்பதால் காலையும் மாலையும் நெரிசல். ஆனால் புதிய வீடுகள் அங்கே மலிவு.

வீடு பார்க்கப் போகும்போது வரவேற்பறையின் கடல்காட்சியில் மயங்கிவிடாமல், படுக்கையறை அலமாரியைத் திறந்து அதன் பின்பலகையைக் கையால் தடவிப் பாருங்கள். பூட்டிக் கிடந்த வீடென்றால் சாம்பல் நிறப் பூஞ்சை விரலில் ஒட்டும். கடலைப் பார்த்த பால்கனியில் ஏர்கானின் வெளிப்பெட்டி துருப்பிடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். கீழே இறங்கியதும் மின்தூக்கி அருகே உள்ள அறிவிப்புப் பலகையை நின்று நிதானமாகப் படியுங்கள். பராமரிப்புக் கட்டணம் கட்டாத வீடுகளின் பட்டியலை அதில் ஒட்டியிருப்பார்கள். பட்டியல் நீளமாக இருந்தால் அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி பழுதானாலும் சரி செய்யப் பணம் இராது என்று பொருள். மூட்டு வலியுள்ள அம்மாவுக்குப் பதினெட்டாம் மாடியில் வீடு பார்த்துவிட்டு, பிறகு இதை அறிவது நல்லதல்ல. வீட்டுத் தரகர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாததையெல்லாம் அந்தப் பலகை சொல்லிவிடும்.

ஜார்ஜ்டவுனின் பழைய நகரம் 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கடைவீடுகளின் முன்னால் வெயிலும் மழையும் படாமல் நடக்க ஐந்தடிப் பாதை உண்டு. ஆனால் கடைக்குக் கடை தரைமட்டம் ஏறி இறங்கும், நடுவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார்கள். உங்கள் மனைவியை அங்கே ஒரு மாலை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சைவச் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். லெபோ பசார் வட்டாரத்தில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் அங்கேயே இருக்கிறது. சீன புத்த சமயத்தாரின் சைவக் கடைகளும் ஊர் முழுதும் உண்டு.

அடையாறு_கணக்கர் எழுதுகிறார்:

ஊர் எது என்பதை மலேசிய நண்பர்கள் சொல்லட்டும். நான் பணத்தைப் பற்றியும் அந்தத் திட்டத்தைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். இந்தப் பயணத்திலேயே விண்ணப்பிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

2002-இல் தொடங்கிய இத்திட்டம் 2021-இல் மிகக் கடுமையாக்கப்பட்டு, 2024-இல் மீண்டும் மாற்றியமைக்கப்பட்டது. இப்போது வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என மூன்று நிலைகள். வெள்ளி நிலைக்கு 1,50,000 அமெரிக்க டாலர், தங்கத்துக்கு 5,00,000, பிளாட்டினத்துக்கு 10 லட்சம் டாலர் மலேசிய வங்கியில் வைப்பாக வைக்க வேண்டும். அனுமதி முறையே 5, 15, 20 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். முன்பு இல்லாத ஒன்று, வீடு வாங்குவது இப்போது கட்டாயம். வெள்ளி நிலைக்குக் குறைந்தது 6 லட்சம் ரிங்கிட் விலையுள்ள வீடு. மாநில அரசு வெளிநாட்டவருக்கு அதைவிட உயர்ந்த கீழ்வரம்பு வைத்திருந்தால் அதையும் எட்ட வேண்டும். பினாங்குத் தீவில் வாங்குவோர் இதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். வாங்கிய வீட்டை 10 ஆண்டுகளுக்கு விற்க இயலாது, அதைவிட விலை உயர்ந்த வீட்டுக்கு மாறினால் மட்டுமே விலக்கு. அனுமதி 5 ஆண்டு, வீடு 10 ஆண்டு என்ற இந்தப் பொருத்தமின்மையைப் பலர் கையெழுத்துப் போட்ட பிறகே கவனிக்கிறார்கள். ஆகவே தவறான ஊரில் வாங்கிவிட்டால் 68 வயது வரை அந்த ஊர்தான்.

வெளிநாட்டவர் வீடு வாங்கும்போது முத்திரைத் தீர்வை 2024 முதல் ஒரே விகிதமாக 4% இருந்தது, குடியிருப்பு வீடுகளுக்கு 2026 தொடக்கத்திலிருந்து 8%. விற்கும்போது முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் என்றால் ஆதாயத்தில் 30%, அதன் பிறகு 10% வரி. மலாய் ஒதுக்கீட்டு நிலத்தில் வெளிநாட்டவர் வாங்கவே முடியாது.

இந்தியப் பக்கம் வருவோம். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பல் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வெள்ளி நிலை வைப்புத்தொகை இந்த வரம்புக்குள் அடங்கும், வீட்டு விலையையும் சேர்த்தால் ஒருவர் வரம்பு போதாது, இருவர் பெயரிலும் பிரித்து அனுப்ப வேண்டியிருக்கும். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20% முன்வரியைப் பிடித்துக்கொள்ளும். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் கழிக்கப்படும் அல்லது திரும்ப வரும் என்றாலும், அதுவரை இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பணம் கையில் இல்லாமல் முடங்கும். ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் இது சிறிய விஷயம் அல்ல.

இன்னொன்று. நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியராக மாறிவிட்டால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகக் கணக்குத் தொடங்க முடியாது, சாதாரண சேமிப்புக் கணக்குகளையும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஓய்வூதியப் பணத்தை எங்கே போடுவது என்ற முடிவும் எந்த நாட்டில் எத்தனை நாள் இருப்பீர்கள் என்ற முடிவும் ஒன்றாகவே எடுக்கப்பட வேண்டியவை. இங்கே எடுத்திருக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது. அங்கே புதிதாக எடுக்கப் போனால் சர்க்கரை நோயைக் காட்டிக் கட்டணத்தைக் கூட்டுவார்கள் அல்லது அந்த நோயை விலக்கிவிடுவார்கள். இதற்கு ஓர் எழுத்துப்பூர்வமான விலைப்புள்ளியை இந்தப் பயணத்திலேயே வாங்கி வருவது, முகவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதைவிடப் பயனுள்ளது.

கிந்தாப்பள்ளத்தாக்கு எழுதுகிறார்:

பினாங்கு நண்பர் தம் ஊரைப் பற்றி எழுதியதில் எனக்கு மறுப்பில்லை, ஈப்போவைப் பேசாமலே விட்டுவிட்டார் என்பது மட்டுமே வருத்தம். பழைய ஈய நகரம் இது. ஈயத் தொழில் சரிந்த பிறகு இளைஞர்கள் கோலாலம்பூருக்குப் போய்விட்டதால் ஊர் சற்று வயதாகிப் போயிற்று. ஓய்வு பெற்றவர்களுக்கு அதுவே வசதி. வீடுகள் தரைத்தள வீடுகளாக, முன்னால் இரண்டு செடி வைக்க இடத்தோடு கிடைக்கும். வாடகை பினாங்கைவிடக் குறைவு. கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து மின்ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். தனியார் மருத்துவமனைகள் நகருக்குள்ளேயே உள்ளன. லாஹாட் சாலைப் பக்கம் நம் கடைகள், குனோங் செரோவில் கல்லுமலைக் கோயில். நகரைச் சுற்றிச் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் எழுந்து நிற்பது கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனால் அந்தக் குன்றுகளில் சிலவற்றை வெட்டியெடுக்கும் கல்குவாரிகளும் இருக்கின்றன. சிம்பாங் பூலாய் பக்கம் வீடு பார்த்தால் லாரிகள் போகும் சாலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள், ஜன்னல் விளிம்பில் படிந்திருக்கும் வெள்ளைத் தூசியே போதுமான சாட்சி.

குறை ஒன்று உண்டு. கார் இல்லாமல் ஈப்போவில் காலம் தள்ள இயலாது. கைப்பேசிச் செயலியில் வாடகைக் கார் கூப்பிடலாம்தான், ஆனால் அன்றாடம் காய்கறிக்கும் கோயிலுக்கும் அதையே நம்பினால் மாதச் செலவு ஏறிக்கொண்டே போகும்.

நேரம் இருந்தால் தைப்பிங்கில் ஓர் இரவு தங்குங்கள். தீபகற்ப மலேசியாவில் மிக அதிகமாக மழை பெறும் ஊர் என்று பெயரெடுத்தது. ஏரித் தோட்டத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளையை ஏரித் தண்ணீரில் நீட்டியிருக்கும். நாட்டின் முதல் ரயில் 1885-இல் இந்த ஊரிலிருந்துதான் ஓடியது. துணி காயாத ஊரில் உங்களால் இருக்க முடியுமா என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

நொய்யல்கரை எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. பயணத்தை அக்டோபருக்கு மாற்றுவதற்கு மனைவியும் சம்மதித்துவிட்டாள், லங்காவியை நீக்கியதில் மட்டும் அவளுக்குச் சிறு மனத்தாங்கல். இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. மகன் சிங்கப்பூரில் இருப்பதால் ஜொகூர் பாருதான் இயல்பான தேர்வு என்று உறவினர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், அதை யாரும் தொடவில்லையே? அடுத்து, இரண்டாவது இல்லத் திட்டத்தில் சேராமல், வாடகை வீட்டில் அவ்வப்போது வந்து தங்குவது நடைமுறையில் முடியுமா?

பாலத்தின்_இக்கரை எழுதுகிறார்:

ஐயா, ஜொகூர் பாருவில் குடும்பத்தோடு இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வரைபடத்தில் உங்கள் மகன் வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். இங்கிருந்து சிங்கப்பூருக்குப் போக 1924-இல் கட்டி முடித்த தரைப்பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே. ஆனால் வெள்ளிக்கிழமை மாலையும் பள்ளி விடுமுறை தொடங்கும் நாளும் அதைக் கடக்க மணிக்கணக்கில் ஆகும். இரண்டு பக்கமும் குடிநுழைவுச் சோதனைக்கு இறங்கி, படியேறி, வரிசையில் நிற்க வேண்டும். மூட்டு வலியுள்ளவர்களுக்கு இது பெரும் சோதனை. ஐந்து நிமிடத்தில் சிங்கப்பூர்ப் பக்கத்து உட்லண்ட்ஸ் சேரும் ரயிலும் இருக்கிறது, சீட்டு கிடைப்பதுதான் கடினம். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நோர்த் வரை சுமார் 4 கிலோமீட்டர் விரைவு ரயில் பாதை 2026 இறுதியை இலக்காக வைத்துக் கட்டப்பட்டது. அதை எதிர்பார்த்தே நகர மையத்தில் வாடகையும் வீட்டு விலையும் ஏறின. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும் என்பது. ஜொகூரில் வீடு இருக்கிறது என்பதற்காக அந்த விதி தளராது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க மாதம் ஒருமுறை போவதுதான் உங்கள் கணக்கு என்றால், பினாங்கிலிருந்து ஒன்றரை மணி நேர விமானமும் இங்கிருந்து தரைப்பாலமும் களைப்பில் ஏறத்தாழ ஒன்றே. மகன் உங்களைப் பார்க்க வாரந்தோறும் வருவான் என்றால் மட்டுமே ஜொகூருக்கு மேல்கை.

இங்கே சில முகவர்கள் ஃபாரஸ்ட் சிட்டி என்ற புதிய குடியிருப்பு நகரை உங்களுக்குக் காட்டுவார்கள். அது சிறப்பு நிதி மண்டலம் என்பதால், அங்கே இரண்டாவது இல்லத் திட்டத்தில் சேரும் 50 வயதுக்கு மேற்பட்டோருக்கு வைப்புத்தொகை 32,000 டாலர் மட்டுமே, அனுமதி 10 ஆண்டு. ஆனால் வீட்டை அந்த மண்டலத்துக்குள்ளேயே வாங்க வேண்டும். கடலைத் தூர்த்துக் கட்டிய இடம் அது, நகரிலிருந்து வெகு தூரம். ஒரு சாதாரண நாளில் இரவு எட்டு மணிக்கு அங்கே போய், எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணிவிட்டு, அருகில் திறந்திருக்கும் மருந்துக் கடையையும் தேடிப் பாருங்கள். அதன் பிறகு விலை மலிவாகத் தெரிந்தால் வாங்குங்கள்.

தண்ணீர்மலைவாசி எழுதுகிறார்:

இரண்டாவது ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. அது 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது, ஆகவே பயணம் போடும் நேரத்தில் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டில் இரண்டு முறை, இடைவெளி விட்டு, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு மாதம் வந்து தங்குவதில் சிக்கல் இராது. முப்பதாம் நாள் தாய்லாந்து எல்லைக்குப் போய் முத்திரை குத்திக்கொண்டு மறுநாளே திரும்பி வரும் வழக்கத்தைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அதைப் பின்பற்றாதீர்கள், உள்ளே விடுவதா வேண்டாமா என்பது அதிகாரியின் விருப்பம், திருப்பி அனுப்பப்பட்டால் அந்தப் பதிவு நிலைத்துவிடும். ஓராண்டு வாடகை ஒப்பந்தமும் இப்போது வேண்டாம். இங்கே இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், தண்ணீர் மின்சாரத்துக்குத் தனியாக ஒரு தொகையையும் வைக்கச் சொல்வார்கள், பாதியில் விட்டால் அதைத் திரும்பப் பெறுவது எளிதல்ல.

என் யோசனை இதுதான். அக்டோபரில் பினாங்கில் ஒன்றரை வாரம், ஈப்போவில் ஒரு வாரம், மிச்ச நாளில் ஜொகூர் பாரு வழியாக மகன் வீடு. அடுத்த ஆண்டு வேறு மாதத்தில் வந்து, முதல் முறை பிடித்த ஊரில் மட்டும் தங்குங்கள். சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானச் சேவை 2024 டிசம்பரில் தொடங்கியது, திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் விமானங்கள் உண்டு. கோவையிலிருந்து உங்களுக்கு எது வசதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், அவற்றில் நிரப்ப வேண்டாம். மனைவியின் மருந்துகளுக்கு மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டு ஒன்றையும் ஆங்கிலத்தில் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.